கனகாம்பிகையின் பாதி நெற்றி

யாழ்ப்பாணத்து அரியாலையில் ஒரு பெண்ணின் நெற்றி வெறுமையாக இருந்தால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்கலாம் என்பது எங்கும் எழுதிவைக்காத தீர்ப்பு. ஒன்று, அவள் இன்னும் குளிக்கவில்லை. இரண்டு, புருஷன் இல்லை. மூன்று, வேதத்துக்கு மாறி, கிறிஸ்தவளாகிவிட்டாள். கனகாம்பிகையோ விடிய ஐந்து மணிக்கே கிணற்றடியில் நிற்பவள். அவளுடைய புருஷன் அருட்பிரகாசம், பஸ் டிப்போவில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர், நாளுக்கு இரண்டு தரம் சைக்கிளில் சந்திக்குப் போய்ப் பேப்பரோடும் பாணோடும் திரும்பி வருவதை ஒழுங்கைத் தெருவே கண்ணால் காண்கிறது. ஆகவே மிஞ்சியது மூன்றாவது காரணம்.

முன்வீட்டுக் குணலட்சுமிதான் இந்தக் கணக்கை முதலில் கூட்டிப் பார்த்தவள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுடைய வாசல் படலை கனகாம்பிகையின் படலைக்கு நேரெதிரே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாசல் கூட்டவா முடியும்? பிறர் வீட்டை எட்டி விடுப்புப் பார்ப்பது அவளுக்கு உத்தியோகம் இல்லைத்தான். உத்தியோகமாக இருந்திருந்தால் இந்நேரம் அவளுக்கும் பென்சன் வந்திருக்கும்.

உண்மையில் நடந்தது வேறு. பங்குனி வெயிலில் ஒருநாள் கனகாம்பிகையின் இடப்பக்க நெற்றி எரியத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்துக் கொப்புளங்கள். நெற்றியில், இமையில், தலைமயிருக்குள்ளேயும். வீட்டில் இரண்டாம் பேச்சு இல்லை: அம்மாள் வந்திருக்கிறா. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. மீன், இறைச்சி என்று மச்சம் நிறுத்தம், தாளிப்பு நிறுத்தம். டொக்டரிடம் போனால் அம்மாளுக்குக் கோபம் வரும் என்பதால் அந்த நினைப்பும் நிறுத்தம்.

வங்கியில் வேலை செய்யும் மகள் நிவேதனா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மாள் எண்டால் உடம்பெல்லாம் எல்லோ வரவேணும். உது என்ன, நடுநெத்தியிலை கோடு கீறி விட்ட மாதிரி இடப்பக்கத்தோடை நிண்டிட்டுது?"

"அம்மாளிட்டைக் காரணம் கேக்கிறேல்லைப் பிள்ளை," என்றார் அருட்பிரகாசம்.

ஒன்பதாம் நாள் இமை வீங்கிக் கண் மூடிக்கொண்ட பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நல்ல காலம், கண் தப்பியது. அங்கே இருந்த டொக்டர் பிள்ளை பொறுமையாக விளக்கினாள். இது அக்கி. சின்ன வயதில் வந்த கொப்புளிப்பானின், அதாவது அம்மாள் வருத்தத்தின் கிருமி உடம்பை விட்டுப் போகாமல் நரம்புக்குள் ஒளித்திருந்து, வயது போன நேரம் பார்த்து வெளிக்கிட்டிருக்கிறது. அது இருந்த நரம்பு முகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் போகிறது, அதனால்தான் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

"கொப்புளம் கண்டு மூண்டு நாளுக்குள்ளை வந்திருந்தால் மருந்து வடிவா வேலை செய்திருக்கும் அம்மா."

"அந்த மூண்டு நாளும் நாங்கள் வேப்பிலை கட்டினாங்கள்," என்றார் அருட்பிரகாசம், அதையும் ஒரு வைத்தியமாகக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையோடு.

கொப்புளங்கள் காய்ந்தன. பொருக்கு உதிர்ந்தது. வேப்பிலை கூட வாசலில் சருகாகி விழுந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. அது சும்மா வலியும் இல்லை, ஒரு விசித்திரமான வலி. கையால் நெற்றியை அமத்திப் பிடித்தால் பேசாமல் இருக்கும். மெல்லத் தொட்டால்தான் கொல்லும். ஃபான் காற்று, சீப்பின் பல், சாறித் தலைப்பின் நுனி, இவ்வளவும் போதும். நெற்றிக்குள் யாரோ கரன்ற் வயரைச் செருகிவிட்ட மாதிரி இருக்கும். நிவேதனா ஒருநாள் பாசத்தோடு தாயின் முகத்தைத் தடவப்போய், தாய் போட்ட சத்தத்தில் தானும் சேர்ந்து அழுதாள்.

இப்படிப்பட்ட நெற்றியில் மூன்று விரலால் திருநீறு பூசுவது எப்படி? வலப்பக்கம் மட்டும் பூசிப் பார்த்தாள். கண்ணாடியில், வெள்ளையடிக்க வந்தவன் பாதியில் கோபித்துக்கொண்டு போன சுவர் மாதிரி இருந்தது. துடைத்துவிட்டாள். சாமி அறையில் நின்று, "அப்பனே, மனசுக்குள்ளை பூசியிருக்கிறன், கண்டுகொள்ளும்," என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பன் கண்டுகொண்டிருப்பார். குணலட்சுமி கண்டது வெறும் நெற்றியைத்தான்.

வைகாசியில் வலிக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக். அங்கே இருந்த டொக்டர் சொன்னது கனகாம்பிகைக்கு நன்றாக விளங்கியது. "திருவிழா முடிஞ்சுது அம்மா, சனமும் போட்டுது. ஆனா ஸ்பீக்கர் வயர் பழுதாகி அது தன்ரை பாட்டிலை கத்திக்கொண்டு நிக்குது. உங்கடை நரம்பு அதுதான். நாங்கள் தாற குளிசை சத்தத்தைக் குறைக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும், கிழமைக்கணக்கிலை எடுக்கும். அளவையும் மெல்ல மெல்லத்தான் கூட்டுவம். வாய் காயும், நித்திரை தூக்கும், பயப்பிடாதேங்கோ."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையான டொக்டர், நிறுத்தவில்லை. "இதே குளிசை மனவருத்தத்துக்கும் குடுக்கிறதுதான். ஆரும் ஏதும் சொன்னால் யோசியாதேங்கோ. நரம்பு வலிக்குச் சின்ன அளவிலை எப்பவும் குடுக்கிறது."

கனகாம்பிகைக்கு யோசனை அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. ஏனென்றால் அதே கிழமைதான் கலியாணப் புரோக்கர் மட்டுவில் ஊர்ச் சம்பந்தத்தைக் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை சிவதர்ஷன், விவசாயத் திணைக்களத்தில் வேலை. பொருத்தம் பத்துக்கு எட்டு. மிச்சம் இரண்டையும் பிள்ளைகள் இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் தாங்களே சரிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நிவேதனாவுக்கு வயது இருபத்தொன்பது. இதற்கு முந்தி வந்த மூன்று சம்பந்தத்துக்கும் முகத்தைச் சுளித்தவள், இப்போது போனைப் பார்த்துத் தன்பாட்டில் சிரிக்கிறாள். இந்த நேரத்தில் தாய்க்கு நரம்பு வருத்தம், குளிக்கிற நேரத்துக்குக் குளித்தாலும் இரவில் பைத்தியத்துக்குக் குடுக்கிற விசர்க் குளிசை போடுகிறாள் என்று ஒரு சொல் வெளியே போனால்?

கிளினிக் கொப்பிக்குப் பூப்போட்ட கடதாசியில் உறை போட்டு, சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். புருஷனிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கினாள். ஆருக்கும் மூச்சு விடக்கூடாது.

கிளினிக்கில் காத்திருக்கிறவர்கள் குந்தும் வாங்கில்தான் ஸ்ரெல்லாவைச் சந்தித்தாள். குருநகரில் கருவாட்டு வியாபாரம் செய்பவள். இதே வருத்தம், இதே இடம், அவளுக்கு மூன்று வருசம். வலியோடு குடித்தனம் நடத்தப் பழகியவள்.

"அக்கா, சால்வையைத் தொங்க விட்டால் காத்துக்கு ஆடி ஆடி உரஞ்சும். இறுக்கிக் கட்டுங்கோ. இறுக்கினதை உது ஒண்டும் செய்யாது, மெல்லத் தடவுறதுதான் உதுக்கு ஆகாது. என்ரை மனுசன் குணமாக் கதைச்சால் எனக்கு ஆகாத மாதிரி," என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சால்வையைக் கனகாம்பிகையின் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டாள். ஓட்டோவில் காற்று அடிக்க, வருத்தம் வந்த பிறகு முதல்தடவையாகக் கனகாம்பிகை கண்ணைத் திறந்துகொண்டு யாழ்ப்பாணத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் இருவரும் ஒரே ஓட்டோவில் வந்து, ஸ்ரெல்லா வீட்டில் தேத்தண்ணி குடித்து, வருத்தத்தை நாலு திட்டுத் திட்டிவிட்டுப் பிரிவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை குணலட்சுமி இறால் வாங்கக் குருநகருக்குப் போனாள். அங்கே, தேவாலயப் பக்கமிருந்து, அந்தோனியாருக்கு உகந்த செவ்வாயில், வெள்ளைத் துணியால் முக்காடு போட்டுக்கொண்டு, வெறும் நெற்றியோடு, கழுத்தில் சிலுவை தொங்கும் ஒரு பொம்பிளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் முன்வீட்டுக் கனகாம்பிகை வருவதைக் கண்டாள். இறால் வாங்காமலே வீடு திரும்பினாள். குணலட்சுமி இறால் வாங்காமல் திரும்பினாள் என்றால் விசயத்தின் பெருமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மாப்பிள்ளையின் தாய் உதயகலா விசாரிக்க வந்தாள். பொம்பிளை வீட்டைப் பற்றி முன்வீட்டில் கேட்காமல் எங்கடை பக்கத்தில் எந்தக் கலியாணமும் நடப்பதில்லை. குணலட்சுமி கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஞாயமாகத்தான் நடந்துகொண்டாள்.

"நல்ல சனம். பிள்ளை தங்கம். தகப்பன் ஒரு சோலிக்கும் போகாத மனுசன்."

"தாய்?"

"தாயைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் குணலட்சுமி. ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாள். "வரேக்கை நெத்தியை ஒருக்காப் பாருங்கோ. செவ்வாய்க்கிழமையிலை குருநகரிலை ஆரோடை திரியிறா எண்டும் கேட்டுப் பாருங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

இரண்டு நாளில் புரோக்கரின் போன் வந்தது. ஆவணி பிறந்ததும் முதல் நல்ல நாளில் மட்டுவிலார் வருவார்கள். ஆனால் மாப்பிள்ளையின் பாட்டனார் ஏரம்பு, எண்பத்துநாலு வயது, நாற்பது வருசமாகப் பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா, பொம்பிளையைப் பார்க்க வரவில்லை. பொம்பிளையின் தாயைப் பார்க்க வருகிறார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடிக் கொண்டுவந்த திருநீற்றைத் தன் கையாலேயே அவவின் நெற்றியில் பூசுவாராம். பூச விட்டால் அன்றைக்கே நாள் வைக்கலாம். மறுத்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"அம்மா, உள்ளதைச் சொல்லுங்கோவன்," என்றாள் நிவேதனா. கண் கலங்கியிருந்தது. "அக்கி எண்டு சொன்னால் ஆர் என்ன செய்யப் போகினம்?"

"அக்கியைச் சொன்னால் குளிசையைக் கேப்பினம். குளிசையைச் சொன்னால் விசர் எண்டுவினம். வேதத்துக்கு மாறினது எண்டால் திரும்ப மாறி வரலாம் பிள்ளை. விசர் எண்டு ஒருக்கா விழுந்தால் பேரப்பிள்ளையளுக்கும் ஒட்டிக்கொள்ளும்."

இரவு ஸ்ரெல்லாவுக்குப் போன் எடுத்தாள்.

"கிழவனை அமத்திப் பூசச் சொல்லுங்கோ அக்கா."

"சம்பந்தி வீட்டுக்காரரைப் பாத்து, என்ரை நெத்தியிலை ஒண்டு போடுங்கோ எண்டு கேக்கவோ?"

"அப்ப பல்லைக் கடியுங்கோ. ஒரு நிமிசம்தானே. நான் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொழுத்துறன்."

"ஐயோ, அவரை உதுக்குள்ளை இழுக்காதை தாயே. அவரிலைதான் இப்ப சந்தேகமே."

ஆவணி நாள் வந்தது. காலையிலேயே, "வடை சுட ஆள் காணாது எண்டு நினைச்சன்," என்று சொல்லிக்கொண்டு குணலட்சுமி அழையாமல் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படி யன்னலிலிருந்து விறாந்தை நன்றாகத் தெரியும்.

மட்டுவிலார் ஐந்து பேர். வெயில் கொளுத்துகிறது, தலைக்கு மேலே ஃபான் அசையாமல் நிற்கிறது. உதயகலா சாறித் தலைப்பால் விசிறிக்கொண்டு, "கரன்ற் இல்லைப்போலை," என்றாள்.

"இருக்கு," என்றாள் கனகாம்பிகை.

உதயகலா ஃபானைப் பார்த்தாள், கனகாம்பிகையைப் பார்த்தாள், பிறகு அந்த வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக விசிறினாள். யன்னலுக்குள் குணலட்சுமி வடையைத் திருப்ப மறந்தாள்.

ஏரம்பு மெலிந்த மனுசன். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் திருவாசகம். மடியிலிருந்து ஒரு கடதாசிச் சரையை எடுத்துப் பிரித்தார்.

"பிள்ளை, இஞ்சாலை வாரும்."

கனகாம்பிகை எழுந்து போய் முன்னால் நின்றாள். மூலையில் நின்ற நிவேதனாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். ஏரம்பு முரட்டு மனுசனாக இருந்திருந்தால் தப்பியிருப்பாள். அவரோ மரியாதை தெரிந்தவர்; பிறத்தி வீட்டுப் பொம்பிளையின் நெற்றி என்பதால் பூவைத் தொடுவது போலத் தொட்டார்.

எதிரே நின்று பூசியபடியால் விரல்கள் அவளுடைய வலப்பக்கத்தில் தொடங்கின. ஒன்றுமில்லை. குளிர்ச்சியாகக்கூட இருந்தது. பிறகு விரல்கள் நடுக்கோட்டைத் தாண்டின.

அவள் சத்தம் போடவில்லை. அசையவும் இல்லை. கைமயிர் குத்திட்டு நின்றது, உதடு நடுங்கியது, இடக்கண்ணிலிருந்து கண்ணீர் பொலுபொலுவென்று இறங்கித் தாடையால் சொட்டியது. மூன்று விரலும் ஓடி முடிய ஒரு யுகம் போனது.

ஏரம்பு கையை இறக்கி, அவளை உற்றுப் பார்த்தார்.

"நாப்பது வருசம் திருநீறு குடுக்கிறன். இப்பிடி உருகி நிண்ட ஒரு சீவனை நான் காணேல்லை." மருமகள் உதயகலாவிடம் திரும்பினார். "உந்த மனுசியையோ வேதத்துக்கு மாறினது எண்டு சொன்னவை?"

உதயகலாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்படியில் ஏதோ கருகும் மணம் வந்தது. அருட்பிரகாசம் பென்சன் கிடைத்த அன்றைக்குக்கூட விடாத ஒரு பெருமூச்சை விட்டார். நிவேதனாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. காரியம் முடிந்தது. கனகாம்பிகை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

அப்போதுதான் ஏரம்பு மகிழ்ச்சி தாங்காமல் சொன்னார். "கலியாணம் முடியட்டும் பிள்ளை. வெள்ளிக்கு வெள்ளி நானே பஸ் ஏறி வந்து உமக்குப் பூசிவிடுறன். இந்தாரும், இன்னொருக்கா," என்று சரைக்குள் மூன்று விரலையும் விட்டார்.

வெள்ளிக்கு வெள்ளி. கனகாம்பிகை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எண்பத்துநாலு வயது, கண்ணாடி இல்லை, பொல்லு இல்லை. நூறு தாண்டுவார் போலத்தான் தெரிந்தது. விரல்கள் நெற்றிக்கு வந்தபோது அவள் அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டாள்.

சம்பந்தி வீட்டுக் கிழவனின் கையைப் பொம்பிளையின் தாய் பிடித்தது மட்டுவில் சரித்திரத்திலேயே இல்லை.

"ஐயா, இது பக்தி இல்லை. வலி."

"என்ன பிள்ளை?"

"பங்குனியிலை அக்கி வந்தது. அம்மாள் எண்டு நினைச்சு ஒன்பது நாள் வீட்டிலை கிடந்தன். கொப்புளம் போட்டுது, நரம்பு வலி போகேல்லை. இடப்பக்கம் காத்துப் பட்டாலே உயிர் போகுது. அதுதான் திருநீறு இல்லை, பொட்டு இல்லை, ஃபானும் இல்லை. செவ்வாய்க்கிழமையிலை கிளினிக்குக்குப் போறன். இரவிலை குளிசை போடுறன்." ஒரு மூச்சு எடுத்தாள். "அது விசருக்கும் குடுக்கிற குளிசைதான். எனக்கு நரம்புக்குத் தருகினம். இவ்வளவுதான் ஐயா. மறைச்சுப் பிள்ளையைக் குடுத்திட்டுக் கிழமைக்குக் கிழமை நான் அழேலாது."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து கொப்பியை எடுத்துவந்து வெற்றிலைத் தட்டில் வைத்தாள். ஒருத்தரும் அதைத் தொடவில்லை. நிவேதனா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்தக் கண்ணீர்?" என்றார் ஏரம்பு. பாவம், அவருக்கு அதை விட மனமில்லை.

"வலிதான் ஐயா."

"பக்தி துப்பரவா இல்லையோ?"

"பக்தி இருக்கு. ஆனா அதுக்கு ஒரு கண்ணாலை மட்டும் தண்ணி வராது."

"அந்தக் குருநகர்ப் பிள்ளை?"

"அவ எனக்குச் சால்வை கட்டத்தான் பழக்கினவ. செபம் பழக்கேல்லை."

ஏரம்பு கதிரையில் இருந்தார். சரையை மூடினார், திறந்தார். உதயகலா ஏதோ சொல்ல வாயெடுக்க, கையைக் காட்டி நிறுத்தினார். கனகாம்பிகைக்கு வலியைவிட அந்த ஒரு நிமிசம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"எந்தப் பக்கம் நோகாது?"

"வலப்பக்கம்."

அவர் எழுந்து, முதலில் பூசியதில் பாதி கண்ணீரில் கரைந்திருந்த நெற்றியைப் பார்த்தார். வலப்பக்கத்தில், நடுக்கோடு வரைக்கும் அளந்தாற்போல் புதிதாகப் பூசினார். ஒரு மயிரிழை அங்காலே போகவில்லை. இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"அப்பனே பாதி உடம்பைக் குடுத்திட்டு நிக்கிறார். வலம் அவர்ரை, இடம் அம்மாளின்ரை. உம்மடை நெத்தியும் அப்பிடியே இருக்கட்டும், அதிலை ஒரு குறையும் இல்லை." பிறகு மருமகளைப் பார்த்தார். "பஞ்சாங்கத்தை எடு பிள்ளை. தையிலை நாள் பார்."

"நான் அப்பவே சொன்னன், அம்மாள் எண்டு," என்றார் அருட்பிரகாசம். அவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

உதயகலா பஞ்சாங்கத்தை விரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இனி அந்த ஃபானை..." கனகாம்பிகை உள்ளே போய் வெள்ளைச் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, வலப்பக்கக் காற்றுக்கு வசதியாகக் கதிரையைத் திருப்பிப் போட்டாள். ஃபான் சுற்றியது. மட்டுவிலார் ஐந்து பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். குணலட்சுமி கருகாத வடைகளாகப் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

அவை ஆறுவதற்குள் அவள் ஒழுங்கையில் நின்றாள். பழைய புதினத்தை அவளே அழித்துப் புதியதைப் போட்டாள், அதுவும் இரட்டிப்புச் சத்தத்தில். "மாறினதும் இல்லை, விசரும் இல்லை. அக்கி. அம்மாள் எண்டால் ரெண்டு பக்கமும் வரும். ஒரு பக்கத்தோடை நிண்டால் அக்கி. மூண்டு நாளுக்குள்ளை ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும், இல்லாட்டி நரம்பு விடாது. நான் அப்பவே யோசிச்சனான்." எப்போது யோசித்தாள் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. புரட்டாசியில் பக்கத்து ஒழுங்கைக்காரர் ஒருவர் இடுப்பில் கொப்புளம் கண்ட இரண்டாம் நாளே, கையில் வேப்பிலையையும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய் நின்றாராம். இரண்டு பக்கமும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

குளிசையின் அளவு இரண்டு தரம் கூட்டியாயிற்று. கனகாம்பிகைக்கு வாய் காய்கிறது, தொலைக்காட்சி நாடகத்தின் நடுவில் நித்திரையாகிறாள். வலி போய்விட்டதென்று சொல்ல முடியாது. ஸ்பீக்கர் இன்னும் கத்துகிறது. ஆனால் அடுத்த ஊர்க் கோயிலில் கத்துகிறது. தலை சீவுகிறாள். ஸ்ரெல்லாவோடு ஓட்டோவில் போகும்போது வலியைத் தவிர வேறு விசயங்களும் கதைக்கிறாள்.

தையில் கலியாணம். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற பிள்ளைக்கு ஏரம்பு கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்: வயது போன பொம்பிளையள் வந்தால் கேட்டுத்தான் தெளிக்கவேணும். பாதித் திருநீற்றோடு கனகாம்பிகை வந்தாள், வலப்பக்கத்தைக் காட்டினாள். சிலுவைச் சங்கிலியோடு ஸ்ரெல்லா வந்தாள், அவளும் வலப்பக்கத்தைக் காட்டினாள். பின்னாலே குணலட்சுமி வந்தாள், முகத்தில் ஒரு நோவும் இல்லாதவள்.

"எந்தப் பக்கம் அம்மா?" என்றது பிள்ளை.

குணலட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். பெரிய சம்பந்திக்காரர் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"எனக்கும் வலப்பக்கம்தான் பிள்ளை," என்று முகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.